நீர்த்த அமிலத்தில் நூறு சதவீதத்துக்கு மேல் அயனியாகுமா?

கேள்வி: அளவுக்குடுவை

வணக்கம். இளநிலை வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வக வகுப்பில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் தொடங்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொன்றின் பிஎச்சையும் (ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கை, குறி மாற்றியது) குறிக்கச் சொன்னார்கள். பிப்பெட்டில் 10 மில்லிலிட்டர் எடுத்து 100 மில்லிலிட்டர் அளவுக்குடுவையில் விட்டு, குறிவரை நீர் நிரப்பி, மூடிக் கவிழ்த்துக் குலுக்கி, அதிலிருந்து மறுபடி 10. வெப்பநிலை 25 டிகிரி. மீட்டர் காட்டியவை இவை:

0.1 மோலார்: 2.89
0.01 மோலார்: 3.39
0.001 மோலார்: 3.92
0.0001 மோலார்: 4.48
0.00001 மோலார்: 5.1 (இது நிலையாக நிற்கவே இல்லை, ஊர்ந்துகொண்டே இருந்தது)

பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் ஒன்று கூட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முதலில் அரைதான் கூடுகிறது. போகப் போக அந்த அரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. பிப்பெட்டில் ஏதாவது பிழை சேர்ந்துகொண்டே வருகிறதா?

அதைவிடக் குழப்பம் கணக்கில். பிரிகை மாறிலி (அமிலம் எந்த அளவுக்கு அயனியாகப் பிரியும் என்று சொல்லும் எண்) 1.75 × 10⁻⁵. அதைச் செறிவால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு வரும் என்று படித்தோம். 0.1 மோலாருக்கு அழகாக 2.88 வருகிறது. கடைசிக் குடுவைக்குப் போட்டால் 1.32 × 10⁻⁵ வருகிறது. ஆனால் நான் போட்ட அமிலமே 1 × 10⁻⁵ தானே? அப்படியானால் 132 சதவீதம் அயனியாகிவிட்டதா?

கூடவே என் தோழி ஒன்று கேட்டாள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 10⁻⁸ மோலார் வரை நீர்த்தால் அதன் பிஎச் 8 தானே, அதாவது காரம்? அவளுக்கும் சேர்த்து யாராவது சொல்லுங்கள்.

பதில்: பிப்பெட்

லீ சாட்லியர் தத்துவம்: சமநிலையைக் குலைத்தால், அந்த மாற்றத்தை ஈடுகட்டும் பக்கம் அது நகரும். நீர் சேர்த்தால் சமநிலை வலப்பக்கம் நகரும், அயனியாதல் கூடும். அதனால்தான் ஒன்றுக்குப் பதில் அரை. வர்க்கமூலச் சூத்திரம் தோராயம், கடைசிக் குடுவைக்குப் பொருந்தாது. இருபடிச் சமன்பாட்டைத் தீருங்கள்.

பிப்பெட் மேல் பழி போட வேண்டாம். நல்ல தரப் பிப்பெட்டில் 10 மில்லிலிட்டருக்கு ±0.02, 100 மில்லிலிட்டர் குடுவைக்கு ±0.1 என்று வைத்துக்கொண்டாலும் நான்கு படி தாண்டி அரை சதவீதம்கூட வராது. பிஎச்சில் அது மூன்றாம் தசமத்தில்தான் தெரியும்.

பதில்: வடிதாள்

பிப்பெட் சொன்னது எல்லாம் சரி. ஆனால் "வலப்பக்கம் நகரும்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் எவ்வளவு நகரும் என்பது தெரியாது. உங்கள் கேள்வியே அந்த "எவ்வளவு" பற்றியதுதான். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இதே வேலையைச் செய்தவன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் பிடுங்கி எறியச் சொல்வது அந்த வர்க்கமூலச் சூத்திரத்தைத்தான். தவறான சூத்திரம் என்பதால் அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே எல்லோரும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குடுவையின் மேல் நீங்கள் ஒட்டும் "0.001 மோலார்" என்பது போட்ட அளவு. உள்ளே அந்த அளவு அசிட்டிக் அமிலம் கிடையாது. கொஞ்சம் அமிலமாகவும் கொஞ்சம் அசிடேட்டாகவும் பிரிந்து நிற்கிறது. இரண்டையும் கூட்டினால்தான் 0.001. செறிவையும் கனஅளவையும் பெருக்கிச் சமன்செய்கிறோமே, அந்தக் கணக்கு இந்த மொத்தத்தை மட்டும்தான் கண்டுகொள்ளும். பேருந்தில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று சீட்டுக் கணக்கு சொல்லும், உட்கார்ந்திருப்பவர் யார், நிற்பவர் யார் என்று சொல்லாது, அந்த மாதிரி. யார் எந்த வடிவில் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது சமநிலை மாறிலி. நீர்த்த கரைசல் கணக்கில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருபவை.

இப்போது உங்கள் முதல் படியை எடுத்துக்கொள்வோம். 0.1 மோலார் குடுவையில் ஹைட்ரஜன் அயனி 1.31 × 10⁻³, அசிடேட்டும் அதே அளவு, பிரியாத அமிலம் 0.0987. பத்து மடங்கு நீர் சேர்த்த அந்தக் கணத்தில், இன்னும் எந்த வினையும் நடக்கவில்லை என்று கற்பனை செய்யுங்கள். மூன்றுமே பத்தில் ஒன்றாகிவிடும்: 1.31 × 10⁻⁴, 1.31 × 10⁻⁴, 9.87 × 10⁻³. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்துப் பாருங்கள். 1.75 × 10⁻⁶ வரும். மாறிலி கேட்பதோ 1.75 × 10⁻⁵. சரியாகப் பத்தில் ஒரு பங்கு. ஏன் பத்தில் ஒன்று? மேலே இரண்டு செறிவுகள் இருக்கின்றன, கீழே ஒன்றுதான் இருக்கிறது. நீர் மேலே இரண்டு முறை அடிக்கிறது, கீழே ஒரு முறைதான். துகள் எண்ணிக்கை கூடும் பக்கம் எப்போதும் நீர்த்தலால் அதிகம் நஷ்டப்படும். அதைச் சரிக்கட்டத்தான் அமிலம் மேலும் பிரிகிறது. லீ சாட்லியரை வார்த்தையாக மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது மேல்.

எவ்வளவு பிரிந்தால் ஈடாகும்? 1.31 × 10⁻⁴ ஆக இறங்கிய ஹைட்ரஜன் அயனி 4.10 × 10⁻⁴ வரை ஏறிவர வேண்டும். ஆக, முன்பிருந்த 1.31 × 10⁻³ உடன் ஒப்பிட்டால் நிகர இறக்கம் பத்து மடங்கு இல்லை, சுமார் 3.2 மடங்கு. பத்தின் வர்க்கமூலம் 3.16, அதன் மடக்கை 0.5. உங்கள் அரை இங்கிருந்து வருகிறது.

சரி, 132 சதவீதத்துக்கு வருவோம். தட்டச்ச எளிதாக இருக்கட்டும் என்று ஹைட்ரஜன் அயனிச் செறிவை ஹ என்றும், போட்ட மொத்தத்தைச் செ என்றும், பிரிகை மாறிலியை மா என்றும் வைத்துக்கொள்கிறேன். பிரிந்தது ஹ என்றால் மிச்சம் செ − ஹ. எனவே

ஹ × ஹ ÷ (செ − ஹ) = மா

1888-இல் ஆஸ்வால்டு சொன்ன நீர்த்தல் விதி இதற்குள்ளேயேதான் இருக்கிறது. வர்க்கமூலச் சூத்திரம் என்ன செய்கிறது? "மிச்சம் கிட்டத்தட்ட செ தானே" என்று சொல்லி செ − ஹ என்ற இடத்தில் வெறும் செ போட்டுவிடுகிறது. நூற்றில் ஒன்று பிரியும்போது இது நல்ல சமாளிப்பு. நூற்றில் எழுபது பிரியும்போது மிச்சம் முப்பதுதான். அப்போதும் நூறு மிச்சம் இருப்பதாகக் கணக்கு நினைத்துக்கொண்டு, இல்லாத அமிலத்திலிருந்தும் அயனியைக் கறந்து தருகிறது. உங்கள் 132 சதவீதம் அப்படி வந்தது. போட்டதைவிட அதிகம் பிரிந்ததாக விடை வந்தால் அதை நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறு கண்ணில் பட்டுவிடுகிறது. 0.0001 மோலாரில் அதே சூத்திரம் 4.38 தரும். அபத்தமாகத் தெரியாது, அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவோம். உண்மை 4.47.

மேலே உள்ளதைப் பெருக்கினால் ஹ² + மா·ஹ − மா·செ = 0. தீர்த்தால் கிடைப்பது:

0.1 மோலார்: பிஎச் 2.88, பிரிந்தது 1.3 சதவீதம்
0.01 மோலார்: 3.39, 4.1 சதவீதம்
0.001 மோலார்: 3.91, 12.4 சதவீதம்
0.0001 மோலார்: 4.47, 34 சதவீதம்
0.00001 மோலார்: 5.15, 71 சதவீதம்
0.000001 மோலார்: 6.02, 95 சதவீதம்

உங்கள் மீட்டர் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல அளவீடு, நல்ல கை. படிகளின் உயரத்தையும் கவனியுங்கள்: 0.51, 0.52, 0.56, 0.68, 0.87. அரையில் தொடங்கி ஒன்றை நோக்கிப் போகிறது. எல்லாம் பிரிந்து முடிந்த பிறகு ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் நீங்கள் எதிர்பார்த்த "பத்துக்கு ஒன்று" வரும். 10⁻⁶ மோலாரில் அசிட்டிக் அமிலம் நடந்துகொள்வதைப் பார்த்தால் அது வலிமை குறைந்த அமிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வலிமை என்பதை அமிலத்தின் குணமாக மட்டும் படிக்கிறோம்; அது மாறிலிக்கும் செறிவுக்கும் உள்ள உறவு. இதற்கு ஒரு கைக்கணக்கு: செறிவு மாறிலியைப் போல இரண்டு மடங்காக இருக்கும்போது சரிபாதி பிரிந்திருக்கும். அசிட்டிக் அமிலத்துக்கு அது 3.5 × 10⁻⁵ மோலார். அதற்கு மேலே நூறு மடங்கு தள்ளி இருந்தால் வர்க்கமூலத்தைத் தாராளமாக நம்பலாம். அருகில் வந்தால் இருபடி. கீழே போனால் "எல்லாம் பிரிந்துவிட்டது" என்று தொடங்கினாலே போதும்.

கால்குலேட்டரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்த தீர்வில் −மா + √(மா² + 4·மா·செ) என்று வரும். செறிவு மிகக் குறையும்போது கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். இலக்கங்கள் காணாமல் போகும். அதையே

ஹ = 2·மா·செ ÷ (மா + √(மா² + 4·மா·செ))

என்று திருப்பி எழுதிக்கொண்டால் கழித்தலே இல்லை. விடை அதேதான்.

அடுத்து உங்கள் தோழியின் கேள்வி. அமிலத்தை நீரில் விட்டால் காரம் ஆகாது. எவ்வளவு குறைவாக விட்டாலும் ஆகாது. 8 என்று வருவதற்குக் காரணம், கணக்கில் ஒருவரை அழைக்க மறந்துவிட்டோம். நீர். 25 டிகிரியில் நீர் தானாகவே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி தருகிறது. நீங்கள் போட்ட 10⁻⁸ அதில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் கூட்டி 1.1 × 10⁻⁷ என்று போடலாமா? அதுவும் கூடாது. அமிலம் வந்ததும் நீர் தன் பங்கைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நம்பும் வழி ஒன்றுதான்: மின்சுமைக் கணக்கு. கரைசலுக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது. நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் சமம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நேர் பக்கம் ஹைட்ரஜன் மட்டும். எதிர் பக்கம் குளோரைடும் ஹைட்ராக்சைடும். குளோரைடு எதோடும் சேராது, போட்டது போட்டபடி 10⁻⁸. ஹைட்ராக்சைடு என்பது 10⁻¹⁴ ÷ ஹ. ஆக

ஹ = 10⁻⁸ + 10⁻¹⁴ ÷ ஹ

தீர்த்தால் ஹ = 1.051 × 10⁻⁷, பிஎச் 6.98. நடுநிலைக்கு ஒரு மயிரிழை கீழே. அமிலம்தான்.

இதையே 10⁻⁷ மோலாருக்குப் போட்டுப் பாருங்கள். 1.618 × 10⁻⁷ வரும். ஆம், அதே பொன் விகிதம்! அசிட்டிக் அமிலத்திலும் செறிவு மாறிலிக்குச் சமமாகும்போது பிரிகை வீதம் 0.618 என்று வரும். சமன்பாடு ஒரே அச்சு என்பதால் வரும் தற்செயல்தான், ஆனால் முதன்முதலில் பார்ப்பவர் முகத்தைக் கவனிக்க வேண்டும்.

நீரை எப்போது விட்டுவிடலாம் என்றால், விடையில் ஹ 10⁻⁶-க்கு மேல் வந்தால். அங்கே ஹைட்ராக்சைடு 10⁻⁸, ஒரு சதவீதம். அதற்குக் கீழே போனால் சேர்த்தாக வேண்டும். அந்த 10⁻¹⁴ என்பதும் 25 டிகிரிக்கானது. 60 டிகிரியில் தூய நீரின் பிஎச் சுமார் 6.5, அது அமிலம் இல்லை, அந்த வெப்பநிலையில் நடுநிலையே அதுதான்.

பதில்: கண்ணாடிமுனை

வடிதாள் ஐயா தாளில் போட்ட கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தோழியிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: 10⁻⁸ மோலார் அமிலம் செய்து பீக்கரில் ஊற்றி மின்முனையை விட்டால் 6.98 வராது. 5.6 பக்கம் வரும்.

காற்றிலுள்ள கரியமில வாயு. காற்றில் அது மில்லியனில் 420 பங்கு அளவில் இருக்கிறது. 25 டிகிரியில் அதனோடு சமநிலையில் நிற்கும் நீரில் சுமார் 1.4 × 10⁻⁵ மோலார் கரைந்திருக்கும். அதன் முதல் பிரிகை மாறிலி 4.45 × 10⁻⁷. இரண்டையும் பெருக்கினால் 6.2 × 10⁻¹², வர்க்கமூலம் 2.5 × 10⁻⁶, பிஎச் 5.6. (இங்கே வர்க்கமூலம் தோராயம் இல்லை. காற்று கரியமில வாயுவைத் தந்துகொண்டே இருப்பதால் பிரியாத பங்கு குறையவே குறையாது.) நீங்கள் போட்ட 10⁻⁸-ஐப் போல இருநூற்றைம்பது மடங்கு ஹைட்ரஜன் அயனியைக் காற்று இலவசமாகத் தந்துவிடுகிறது.

உங்கள் ஐந்தாவது குடுவையிலும் இதன் கை இருக்கிறது. மின்சுமைக் கணக்கில் பைகார்பனேட்டையும் (கரைந்த கரியமில வாயு பிரிந்து தரும் எதிர் அயனி) சேர்த்துப் போட்டேன்: 5.15 என்பது 5.11 ஆகிறது. நீங்கள் 5.1 என்று குறித்திருக்கிறீர்கள். அதற்கு மேல் செறிவுள்ள குடுவைகளில் இந்த வாயுவால் ஒன்றும் தெரியாது.

ஊர்ந்ததற்கு வேறு காரணம். அயனி மிகக் குறைவாக உள்ள கரைசலில் கண்ணாடி மின்முனை சோம்பிப்போகும். ஒப்பீட்டு மின்முனையின் சந்திப்பில் உண்டாகும் மின்னழுத்தமும் நிலைகொள்ளாது; முந்தைய குடுவையிலிருந்து ஒட்டிவந்த துளிகூடக் கணக்கைக் கெடுக்கும். செறிவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி அளந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். நீங்கள் கூடியதிலிருந்து இறங்கி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பிஎச் மீட்டரை நம்பாமல் பிரிகை வீதத்தைப் பார்க்க வேண்டுமானால் கடத்துத்திறன் இருக்கிறது. ஆஸ்வால்டு காலத்தில் பிஎச் என்ற அளவே கிடையாது. சோரன்சன் அதைக் கொண்டுவந்தது 1909-இல்தான். கடத்துத்திறனை வைத்துத்தான் அந்த விதியைச் சரிபார்த்தார்கள். அசிட்டிக் அமிலம் முழுக்கப் பிரிந்தால் அதன் மோலார் கடத்துத்திறன் 390.7 (வழக்கமான சென்டிமீட்டர் அலகில்). 0.001 மோலாரில் அளந்தால் 48-க்கும் 49-க்கும் இடையே வரும். வகுத்தால் 0.124. மேலே வடிதாள் போட்ட 12.4 சதவீதமும் அதுவும் ஒன்றே.

கேட்டவர்: அளவுக்குடுவை

ரொம்ப நன்றி ஐயா, எல்லோருக்கும். 132 சதவீதம் தெளிந்தது. ஆமாம், 0.1-இலிருந்து கீழே இறங்கித்தான் அளந்தேன்.

இதன் தொடர்ச்சியாக ஒன்று. அடுத்த வகுப்பில் தாங்கல் கரைசல் (பிஎச்சை எளிதில் மாறவிடாத கரைசல்) செய்தோம். அசிட்டிக் அமிலம் 0.1 மோலார், சோடியம் அசிடேட் 0.1 மோலார். ஹென்டர்சன்–ஹேசல்பாக் சமன்பாட்டில் இரண்டின் விகிதம் மட்டும்தான் வருகிறது. நீர்த்தால் விகிதம் மாறாது. எனவே பிஎச் 4.76-இலேயே நிற்க வேண்டும். ஆனால் 4.65 காட்டியது. பத்து மடங்கு நீர்த்ததும் 4.71. மீட்டரை அப்போதுதான் அளவுதிருத்தம் செய்திருந்தோம்.

பதில்: வடிதாள்

மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது.

இதுவரை நாம் போட்ட கணக்கெல்லாம் அயனிகள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது என்ற நினைப்பில் போட்டவை. அசிட்டிக் அமிலம் மட்டும் இருந்த குடுவைகளில் அயனிகள் குறைவு, அதனால் தப்பித்தோம். இப்போது சோடியம் அசிடேட் முழுக்கப் பிரிந்து 0.1 மோலார் அயனிகளைக் கொட்டியிருக்கிறது. ஒவ்வோர் அசிடேட்டைச் சுற்றியும் எதிர்ச்சுமையுள்ளவை சற்று அதிகமாகக் கூடி நிற்கும். அதனால் அசிடேட் தன் செறிவு சொல்லும் அளவுக்கு வேலை செய்யாது. மாறிலிக்குள் போக வேண்டியது செறிவு இல்லை, செயல்திறன், அதாவது உண்மையில் வேலை செய்யும் அளவு. டிபையும் ஹக்கலும் 1923-இல் இதற்குக் கணக்குக் கொடுத்தார்கள்.

0.1 மோலார் அயனி வலிமையில் (கரைசலில் உள்ள அயனிகளின் மொத்தச் செறிவைக் காட்டும் அளவு) அசிடேட்டின் செயல்திறன் குணகம், அதாவது செறிவில் வேலை செய்யும் பங்கு, சுமார் 0.78. மடக்கை −0.11. 4.76-இலிருந்து கழித்தால் 4.65. 0.01-இல் குணகம் 0.90, மடக்கை −0.045, பிஎச் 4.71. உங்கள் இரண்டு எண்களும் வந்துவிட்டன. நீர்க்க நீர்க்கக் குணகம் ஒன்றை நெருங்கும், பிஎச் 4.76-ஐ நோக்கி ஏறும்.

ஆனால் அங்கே நிற்காது. 0.0001 மோலார் வீதம் இரண்டும் இருக்கும் வரை நீர்த்துப் பாருங்கள். "விகிதம் மாறாது" என்பதே உடைந்துவிடும். அமிலத்தில் ஒரு பங்கு பிரிந்து அசிடேட்டோடு சேரும். போட்டது இரண்டும் மிகக் குறைவு என்பதால் அந்தப் பங்கு இப்போது பெரிதாகத் தெரியும். அமிலம் செ − ஹ, அசிடேட் செ + ஹ என்று எழுதித் தீர்த்தால் பிஎச் 4.87. அதையும் பத்து மடங்கு நீர்த்தால் 5.27. மேலே சொன்ன போட்ட அளவு, இருக்கும் அளவு விஷயம்தான் மறுபடியும். ஹென்டர்சன்–ஹேசல்பாக் சமன்பாட்டில் போட வேண்டியது இருக்கும் அளவு. செறிவு கூடிய தாங்கலில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

பதில்: கண்ணாடிமுனை

ஒரு சேர்க்கை. இந்தச் செயல்திறன் விளைவு அயனியின் மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே பாஸ்பேட் தாங்கலில் இன்னும் பெரிதாகத் தெரியும். அளவுதிருத்தத்துக்கான தாங்கல்களிலேயே பாருங்கள்: 0.05 மோலால் (ஒரு கிலோ நீருக்கு இத்தனை மோல்) தாலேட்டைச் சம அளவு நீர் சேர்த்துப் பாதியாக்கினால் பிஎச் 0.05 ஏறும், 0.025 மோலால் வீதம் கலந்த பாஸ்பேட் 0.08 ஏறும். உயிரியல் கூடங்களில் பத்து மடங்கு செறிவாகச் செய்துவைக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசல் 6.8 அளவில் இருந்து, நீர்த்ததும் 7.4-க்கு வந்து நிற்கும். இது தெரியாமல் செறிவுள்ள கரைசலையே 7.4-க்குத் திருத்திவிட்டு, நீர்த்த பிறகு எட்டை நெருங்குகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எந்தச் செறிவில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்தச் செறிவில் பிஎச்சைப் பாருங்கள்.

டிரிஸ் (உயிரியல் கூடங்களில் பயன்படும் ஒரு கரிமக் காரம்) தாங்கல் எதிர்த் திசையில் போகும். அதில் சுமையுள்ளது அமில வடிவம், கார வடிவத்துக்குச் சுமை கிடையாது. நீர்த்தால் பிஎச் சற்று இறங்கும்.

கேட்டவர்: அளவுக்குடுவை

தோழியும் நானும் 10⁻⁶ மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு மின்சுமைக் கணக்கு எழுதிப் பார்த்தோம். நேர் பக்கம் ஹ. எதிர் பக்கம் அசிடேட், ஹைட்ராக்சைடு, பைகார்பனேட். அசிடேட்டை செ·மா ÷ (மா + ஹ) என்று எழுதினோம். ஹ-வுக்கு ஒரு மதிப்பை ஊகித்து வலப்பக்கம் போட்டு, வந்த விடைக்கும் ஊகித்ததற்கும் நடுவில் ஒன்றை எடுத்து மறுபடி போட்டோம். காற்று புகாமல் மூடியிருந்தால் 6.02, திறந்திருந்தால் 5.53 வருகிறது. திறந்த குடுவையில் அசிட்டிக் அமிலமே இல்லாவிட்டாலும் 5.6 தானே? அப்படியானால் அமிலம் போட்டதே தெரியாதா?

பதில்: வடிதாள்

இரண்டு எண்ணும் சரி. 0.07 வித்தியாசம்தான். நல்ல மீட்டரில், நீரில் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து நிலைப்படுத்தினால் பிடிக்கலாம்; இல்லாவிட்டால் ஊர்தலிலேயே கரைந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, நைட்ரஜன் ஊதிக்கொண்டே அளக்க வேண்டும். இன்னொன்று, அசிடேட்டுக்கு நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் செ·மா ÷ (மா + ஹ) வடிவத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு புரோட்டான் தரும் ஆக்ஸாலிக் அமிலம் வரும்போது அதே வடிவம் இன்னோர் உறுப்போடு வரும், ஊகித்துத் திருத்தும் வழி அப்படியே செல்லும். அடுத்து அதைப் போட்டுப் பாருங்கள்: மாறிலிகள் 5.6 × 10⁻², 1.5 × 10⁻⁴. 0.001 மோலாரில் எந்தப் படி முடிந்துவிட்டது, எது பாதியில் நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.